ஒரே ஆறு ஏக்கர், மூன்று கணக்கு: பெரம்பலூர், அரியலூரில் மகளுக்கு எத்தனை சென்ட்?

பாகப்பிரிவினையைப் பற்றி பெரம்பலூருக்கும் அரியலூருக்கும் யாரும் பாடம் எடுக்க வேண்டியதில்லை. 1995-ல் பழைய திருச்சி மாவட்டத்திலிருந்து பெரம்பலூர் பிரிந்தது. 2001-ல் பெரம்பலூரிலிருந்து அரியலூர் தனிக்குடித்தனம் போனது. அடுத்த வருடமே மறுபடி ஒரே அடுப்பு. 2007-ல் திரும்பவும் தனி அடுப்பு. மாவட்டத்தைப் பிரிக்க ஓர் அரசாணை போதும். மக்காச்சோளக் கொல்லையையும் முந்திரித் தோப்பையும் அண்ணன் தங்கைக்குள் பிரிப்பது அவ்வளவு சுலபமில்லை.

ஒரு கணக்குப் போட்டுப் பார்ப்போம். ஒருவர் உயில் எழுதாமல் இறந்துவிடுகிறார். அவர் தன் சம்பாத்தியத்தில் வாங்கிய நிலம் ஆறு ஏக்கர், அதாவது 600 சென்ட். வீட்டில் அவருடைய வயதான அம்மா, மனைவி, ஒரு மகன், கட்டிக்கொடுத்த இரண்டு மகள்கள். கடன் எதுவும் இல்லை. ஒரு மகளுக்கு எத்தனை சென்ட் வரும்?

இறந்தவர் எந்தச் சாமியைக் கும்பிட்டார் என்று கேட்காமல் இதற்கு விடை சொல்ல முடியாது. சிறுவாச்சூர் மதுரகாளியம்மனுக்குக் கற்பூரம் ஏற்றியவர் என்றால் மகளுக்கு 120 சென்ட். வெள்ளாற்றங்கரை லெப்பைக்குடிக்காட்டுப் பள்ளிவாசலில் தொழுதவர் என்றால் 106 சென்ட்டும் கொஞ்சமும். ஏலாக்குறிச்சி அடைக்கல மாதா கோயிலில் மெழுகுவத்தி ஏற்றியவர் என்றால் 133 சென்ட்டுக்குச் சற்று மேல்.

மூன்று வீட்டிலும் ஒரே மண், ஒரே பட்டா, ஒரே தாசில்தார். பங்கு மட்டும் வேறு.

மகளைவிட மற்ற இரண்டு பெண்களின் கணக்குதான் இன்னும் ஆச்சரியம். மனைவிக்கு இந்து வீட்டில் 120 சென்ட், முஸ்லிம் வீட்டில் 75, கிறிஸ்தவ வீட்டில் 200. பெற்ற பிள்ளையைப் பறிகொடுத்த அந்த வயதான அம்மாவுக்கு இந்து வீட்டில் 120, முஸ்லிம் வீட்டில் 100. கிறிஸ்தவ வீட்டில் ஒரு சென்ட்கூட இல்லை.

கடவுள்கள் உட்கார்ந்து போட்ட கணக்கு என்று இதை நினைத்துக்கொண்டால் தவறு. ஒவ்வொரு எண்ணுக்கும் பின்னால் ஓர் ஊர், ஒரு வழக்கு, ஒரு வருடம் இருக்கிறது.

1772-ல் போட்ட கோடு

வாரிசுரிமையை மதத்தோடு சேர்த்துத் தைத்தவர் வாரன் ஹேஸ்டிங்ஸ். 1772-ல் வங்காளத்தில் கிழக்கிந்திய கம்பெனியின் நீதிமன்றங்களுக்கு அவர் ஒரு திட்டம் வகுத்தார். சொத்து, திருமணம், சாதி வழக்கம் போன்ற விஷயங்களில் இந்துக்களுக்கு சாஸ்திரப்படியும் முஸ்லிம்களுக்கு குர்ஆன்படியும் தீர்ப்பு சொல்ல வேண்டும் என்பது அதன் சாரம். வெள்ளைக்கார நீதிபதிக்கு சமஸ்கிருதமும் அரபியும் தெரியாது என்பதால் பண்டிதரையும் மௌல்வியையும் பக்கத்தில் உட்காரவைத்தார்கள். பிறகு, அவர்கள் சொல்வதையும் முழுதாக நம்ப முடியாமல் நூல்களை ஆங்கிலத்தில் மொழிபெயர்க்க ஆரம்பித்தார்கள்.

அப்படி 1810-ல் கோல்புரூக் என்ற அதிகாரி மொழிபெயர்த்த இரண்டு நூல்களில் ஒன்று மிதாட்சரம். தென்னிந்திய இந்துக் குடும்பங்களின் சொத்துச் சட்டத்துக்கு இதுவே அடிப்படை ஆனது. குலதெய்வம், கோத்திரம், சாதி என்று ஊருக்கு ஒரு வழக்கம் இருந்த நாட்டில், எங்கோ எழுதப்பட்ட ஒரு நூல் எல்லோருடைய வீட்டுக்குள்ளும் வந்து உட்கார்ந்தது இப்படித்தான்.

அந்த 'எங்கோ' எது என்று பார்த்தால் அரியலூர்க்காரர்களுக்குச் சிரிப்பு வரும்.

எதிரி ஊரில் எழுதிய சட்டம்

மிதாட்சரத்தை எழுதிய விக்ஞானேஸ்வரர், சாளுக்கிய மன்னன் ஆறாம் விக்கிரமாதித்தனின் அவையில் இருந்தவர். ஊர், இன்று கர்நாடகத்தின் பீதர் மாவட்டத்தில் இருக்கும் பசவகல்யாண். அதே காலத்தில் கங்கைகொண்ட சோழபுரத்தில் அமர்ந்து ஆண்டவர் முதலாம் குலோத்துங்கன். இரண்டு பேரும் பரம எதிரிகள்.

குலோத்துங்கன் அரியணைக்கு வந்ததும் ஒரு வாரிசுரிமைக் கதைதான். அவர் ராஜேந்திர சோழனின் மகன் வயிற்றுப் பேரன் இல்லை. மகள் அம்மங்கைதேவியின் மகன். அப்பா வழியில் வேங்கிச் சாளுக்கியர். 1070-ல் அதிராஜேந்திரன் இறந்தபோது ஆட்சி தாய்வழிப் பேரனுக்கு வந்தது. அம்மா வழியில் ஒரு பேரரசே கைமாறிய ஊர் இன்றைய அரியலூர் மாவட்டத்தில் இருக்கிறது. அந்த ஊர் மக்களின் நிலத்தை, மகனுக்குப் பிறப்பிலேயே சொத்துரிமை உண்டு என்று சொன்ன எதிரி நாட்டு நூல் பல தலைமுறைக்கு ஆண்டது.

மிதாட்சர முறையில் பரம்பரைச் சொத்து ஆண்களின் கூட்டுச் சொத்து. மகன் பிறந்த நிமிடமே அவனுக்கும் பங்கு உண்டு. மகள் பிறந்தால், அவளுக்குச் சாப்பாடும் கல்யாணச் செலவும் உண்டு. தமிழில் 'பங்காளி' என்ற சொல்லிலேயே பங்கு இருக்கிறது. அந்தச் சொல் எந்தக் காலத்திலும் பெண்ணைக் குறித்ததில்லை. அக்கா தங்கையைக் கட்டியவர் மாமன், மச்சான். அவர் வீட்டுப் பக்கம் சீர் போகும், பங்கு போகாது.

இதை உடைக்க வேண்டும் என்ற குரல் தமிழ்நாட்டில் சீக்கிரமே எழுந்தது. 1929 பிப்ரவரியில் செங்கல்பட்டில் நடந்த சுயமரியாதை மாநாட்டில், பெண்களுக்குச் சம சொத்துரிமை வேண்டும் என்று தீர்மானம் போட்டார்கள். 1937-ல் வந்த ஒரு சட்டம் விதவைக்குக் கணவன் பங்கை வாழும்வரை அனுபவிக்க மட்டும் அனுமதித்தது. 1956-ல் இந்து வாரிசுரிமைச் சட்டம் வந்தது. சுயசம்பாத்தியச் சொத்தில் மனைவி, அம்மா, மகன், மகள் எல்லோருக்கும் சமபங்கு என்றது. நம் கணக்கில் வந்த 120 சென்ட் இந்தச் சட்டத்தின் கொடை. ஆனால், பரம்பரைச் சொத்தில் கைவைக்க அதற்குத் தைரியம் வரவில்லை. பங்காளிகள் பங்காளிகளாகவே இருந்தார்கள்.

செங்கல்பட்டுத் தீர்மானம் நிறைவேறி சரியாக 60 வருடம் கழித்து, ஆந்திராவுக்கு அடுத்தபடியாகத் தமிழ்நாடு அந்தக் கதவைத் திறந்தது. 1989-ல் கருணாநிதி அரசு கொண்டுவந்த திருத்தம், மகளையும் பரம்பரைச் சொத்தில் பங்காளி ஆக்கியது. ஒரு நிபந்தனை இருந்தது: 1989 மார்ச் 25-க்கு முன் திருமணமான பெண்களுக்குக் கிடையாது. தை மாதம் தாலி கட்டிக்கொண்ட அக்காவுக்குப் பங்கு இல்லை, ஆவணியில் கட்டிக்கொண்ட தங்கைக்கு உண்டு. ஒரே வயிற்றில் பிறந்த இரண்டு பெண்களுக்கு நடுவே ஒரு முகூர்த்த நாள் கோடு போட்டது.

2005 செப்டம்பர் 9-ல் அமலுக்கு வந்த மத்திய அரசின் திருத்தம் அந்தக் கோட்டை அழித்தது. திருமணம் ஆனவரா, ஆகாதவரா என்ற கேள்வியே கிடையாது. அதற்குப் பிறகும் 'அன்று அப்பா உயிரோடு இருந்திருக்க வேண்டுமா?' என்று 15 வருடம் வழக்காடினார்கள். வேண்டியதில்லை, மகளுக்கு உரிமை பிறப்பிலேயே வருகிறது என்று 2020 ஆகஸ்ட் 11-ல் வினீதா சர்மா வழக்கில் உச்ச நீதிமன்றம் முடித்துவைத்தது. 2004 டிசம்பர் 20-க்கு முன் முறையாகப் பதிவுசெய்து பிரித்துக்கொண்ட சொத்தை மட்டும் திரும்பக் கிளற முடியாது.

இதில் யாரும் அதிகம் பேசாத ஒரு விஷயம் இருக்கிறது. நம் ஆறு ஏக்கர் சுயசம்பாத்தியமாக இல்லாமல் பரம்பரைச் சொத்தாக இருந்தால் என்ன ஆகும்? முதலில் அப்பா, மகன், இரண்டு மகள்கள் என்று நான்கு பங்கு; ஆளுக்கு 150 சென்ட். இறந்த அப்பாவின் 150 சென்ட்டை மட்டும் அம்மா, மனைவி, மூன்று பிள்ளைகள் என ஐந்தாகப் பிரிப்பார்கள், ஆளுக்கு 30. ஆக, ஒரு மகளுக்கு 180 சென்ட் வரும். மனைவிக்கு வெறும் 30. மகள் உள்ளே வந்தாள், மருமகளாக அந்த வீட்டுக்கு வந்து 40 வருடம் களை எடுத்தவள் வாசலிலேயே நிற்கிறாள்.

1956-க்கு முந்தைய பழைய சொத்துகளில்கூட மகளுக்கு இடம் உண்டு என்று காட்டியதும் ஒரு தமிழ்நாட்டு வழக்குதான். 1938-ல் ஒருவர் நீதிமன்ற ஏலத்தில் நிலம் வாங்குகிறார். 1949-ல் இறக்கிறார். ஒரே மகள். அவரும் குழந்தை இல்லாமல் 1967-ல் இறக்கிறார். சொத்து சகோதரரின் மகனுக்கா, மற்ற வாரிசுகளுக்கும் சேர்த்தா என்று வழக்கு. கீழ் நீதிமன்றம், உயர் நீதிமன்றம் இரண்டுமே பெண்ணின் உரிமையை ஏற்கவில்லை. 'அருணாசல கவுண்டர் எதிர் பொன்னுசாமி' என்ற அந்த வழக்கில் 2022 ஜனவரி 20-ல் உச்ச நீதிமன்றம் மாற்றித் தீர்ப்பளித்தது. அப்பாவின் சுயசம்பாத்தியம் 1949-லேயே மகளுக்குத்தான் போயிருக்கிறது, பழைய இந்து நூல்களும் அதைத்தான் சொல்கின்றன என்றது. நூல் அப்படிச் சொல்லிக்கொண்டுதான் இருந்தது. கேட்கத்தான் 73 வருடம் ஆனது.

ஏலாக்குறிச்சிக்கும் பாஸ்டனுக்கும் ஓர் உறவு

கொள்ளிடத்தை ஒட்டிய ஏலாக்குறிச்சி, இத்தாலியிலிருந்து வந்த வீரமாமுனிவர் கோயில் எழுப்பிய ஊர். 'திருக்காவலூர்' என்று அவர் பெயர் வைத்து, அதன் மீது கலம்பகமே பாடினார். வரதராஜன்பேட்டை போன்ற ஊர்களையும் சேர்த்துப் பார்த்தால், அரியலூர் மாவட்டத்தில் கிறிஸ்தவம் பல தலைமுறை வேர் விட்ட மதம்.

அந்த வீடுகளில் மனைவிக்கு மூன்றில் ஒரு பங்கு, மீதி பிள்ளைகளுக்குச் சமமாக என்ற சட்டம் எங்கிருந்து வந்தது? பைபிளில் இருந்து என்று பலரும் நினைக்கிறார்கள். பைபிளில் அப்படி எதுவும் இல்லை.

பைபிளை எடுத்து வாரிசுச் சட்டமாகவே எழுதியவர்கள் வேறு ஆட்கள். 1630-களில் இங்கிலாந்திலிருந்து கப்பல் ஏறி அமெரிக்காவின் மாசசூசெட்ஸில் குடியேறிய பியூரிட்டன் கிறிஸ்தவர்கள் அவர்கள். ஆடம்பரம் இல்லாத, வேதத்தின்படியான ஒரு சமூகத்தைக் கட்ட வந்தவர்கள். 1641-ல் நத்தானியேல் வார்டு என்ற போதகர் எழுதிய சட்டத் தொகுப்பை அவர்கள் ஏற்றார்கள். உயில் இல்லாமல் இறந்தவரின் சொத்தில் மூத்த மகனுக்கு இரட்டைப் பங்கு. உபாகமம் 21-ம் அதிகாரம் சொன்னபடி. மகன் இல்லாவிட்டால் மகள்கள் சேர்ந்து வாரிசு. எண்ணாகமம் 27-ல் செலோப்பியாத்தின் மகள்கள் மோசேயிடம் வந்து நியாயம் கேட்டு வாங்கியதுபோல.

மூத்தவனுக்கு இரட்டைப் பங்கு என்றால் நமக்கு அநியாயமாகத் தெரியும். அன்றைய இங்கிலாந்தில் மூத்த மகனுக்கு முழு நிலமும் போகும், தம்பிக்கும் தங்கைக்கும் ஒரு சாண் மண்ணும் இல்லை. அதோடு ஒப்பிட்டால் பியூரிட்டன் மகள் எவ்வளவோ தேவலை. தம்பிக்கு என்ன பங்கோ அதே பங்கு அவளுக்கும். விதவைக்கு மூன்றில் ஒரு பங்கு நிலத்தை உயிரோடு இருக்கும்வரை அனுபவிக்கும் உரிமை இருந்தது. இந்த மூன்றில் ஒன்றை மட்டும் அவர்கள் வேதத்திலிருந்து எடுக்கவில்லை. இங்கிலாந்து வழக்கத்திலிருந்து கூடவே கொண்டுவந்தது அது.

வீட்டுச் சண்டை அங்கேயும் நின்றபாடில்லை. பக்கத்துக் குடியேற்றமான கனெக்டிகட்டும் இதே மாதிரியான சட்டம் வைத்திருந்தது. மாசசூசெட்ஸின் முதல் ஆளுநரின் வம்சத்தில் வந்த ஜான் வின்த்ரோப், அப்பா உயில் எழுதாமல் இறந்ததும், 'தங்கைக்குப் பங்கு தர முடியாது, இங்கிலாந்துச் சட்டப்படி எல்லா நிலமும் எனக்கே' என்று லண்டன் வரை போனார். 1728-ல் லண்டனின் பிரிவி கவுன்சில் அவர் பக்கம் தீர்ப்பளித்து, கனெக்டிகட் சட்டத்தையே செல்லாது என்றது. பத்து வருடம் கழித்து இன்னொரு வழக்கில் மாசசூசெட்ஸ் சட்டத்தை அதே பிரிவி கவுன்சில் ஏற்றுக்கொண்டது. அண்ணன் கோர்ட்டுக்குப் போவது எந்தக் கண்டத்திலும் ஒரே மாதிரிதான் இருந்திருக்கிறது.

அந்த பிரிவி கவுன்சிலின் படிக்கட்டில்தான் ஒரு தமிழ்க் கிறிஸ்தவக் குடும்பமும் ஏறியது. தமிழ் பேசும் எளிய கத்தோலிக்கக் குடும்பத்தில் பிறந்த மத்தேயு ஆபிரகாம், சென்னை மாகாணத்தின் பெல்லாரியில் வணிகம் செய்து பெரும் பணம் சேர்த்தவர். அவர் 1842-ல் இறந்ததும், தம்பி பிரான்சிஸ் 'நாங்கள் பிரிக்கப்படாத இந்துக் குடும்பம் போலத்தான் வாழ்ந்தோம், எனக்குப் பங்கு உண்டு' என்றார். மனைவி ஷார்லட் 'நாங்கள் கிறிஸ்தவர்கள், எங்களுக்கு அந்தச் சட்டம் பொருந்தாது' என்றார். மதம் மாறியவர் பழைய சட்டத்திலேயே இருக்கலாம், விட்டுவிடவும் செய்யலாம். அவர் எப்படி வாழ்ந்தார் என்பதுதான் கேள்வி என்று 1863-ல் பிரிவி கவுன்சில் சொன்னது.

ஒவ்வொரு கிறிஸ்தவ வீட்டிலும் 'எப்படி வாழ்ந்தார்' என்று விசாரிக்க முடியாது இல்லையா? 1865-ல் இந்திய வாரிசுரிமைச் சட்டம் வந்தது. இங்கிலாந்தில் 1670-ல் இயற்றிய ஒரு சட்டத்தின் சாயலில், மனைவிக்கு மூன்றில் ஒன்று, பிள்ளைகளுக்கு மூன்றில் இரண்டு என்று அதில் எழுதினார்கள். ஒரு பெரிய வித்தியாசம், இங்கே நிலத்துக்கும் அதே கணக்கு. மகன், மகள் பேதம் இல்லை. 1925-ல் அதைத் தொகுத்துப் புதுப்பித்த சட்டம்தான் இன்றும் ஏலாக்குறிச்சியில் செல்கிறது. அரியலூர் விதவையின் 200 சென்ட்டும், மாசசூசெட்ஸ் விதவையின் மூன்றில் ஒன்றும் ஒரே இங்கிலாந்துத் தாய்வீட்டுச் சீதனம். அந்தச் சட்டத்தை எழுதியவர்களுக்குக் கூட்டுக்குடும்பத்துப் பாட்டி நினைவுக்கு வரவில்லை. பிள்ளைகுட்டி உள்ள மகன் இறந்தால், அவனைப் பெற்றவளுக்குப் பங்கு இல்லை என்பது இன்றும் அப்படியே இருக்கிறது.

எட்டில் ஒன்று, ஆறில் ஒன்று

லெப்பைக்குடிக்காடு, வி.களத்தூர் பக்கத்து முஸ்லிம் வீடுகளின் கணக்குதான் மூன்றிலும் நேரடியாக வேத நூலில் எண்ணாகவே இருப்பது. குர்ஆனின் நான்காவது அத்தியாயம் பின்னங்களோடு பேசுகிறது. பிள்ளைகள் இருந்தால் மனைவிக்கு எட்டில் ஒன்று, அம்மாவுக்கு ஆறில் ஒன்று. மீதியில் மகனுக்கு இரண்டு, மகளுக்கு ஒன்று. நம் 600 சென்ட்டில் மனைவிக்கு 75, அம்மாவுக்கு 100, மகனுக்கு 212½, மகள்களுக்கு ஆளுக்கு 106¼.

குடும்பத்தைக் காப்பாற்றும் செலவு ஆணுடையது, மகளின் பங்கும் மஹரும் அவள் சேமிப்பு என்பது இந்த இரண்டுக்கு ஒன்றுக்குச் சொல்லப்படும் காரணம். பெண் வீட்டார் பணமும் நகையும் கொடுக்கிற இன்றைய கல்யாணத்தில் அந்தக் காரணம் எவ்வளவு தூரம் நிற்கிறது என்று அந்தச் சமூகத்துக்குள்ளேயே கேட்பவர்கள் உண்டு. ஏழாம் நூற்றாண்டில், மகளுக்கு இவ்வளவு என்று எண்ணிக் குறிப்பிட்டுக் கொடுத்தது சாதாரண விஷயமில்லை என்பதையும் மறந்துவிட முடியாது.

இங்கேயும் ஒரு சட்டமன்றக் கை உண்டு. 1937-ல் நாடு முழுவதற்கும் வந்த ஷரியத் சட்டம், விவசாய நிலத்தைத் தொடாமல் விட்டுவிட்டது. நிலம்தான் சொத்தே என்றிருந்த ஊரில் அது பாதிச் சட்டம். 1949-ல் சென்னை மாகாணம் அந்த விலக்கை நீக்கியது. ஆகவே, பெரம்பலூரின் கரிசல் காட்டிலும் முஸ்லிம் மகளுக்குப் பங்கு உண்டு.

முஸ்லிம் வீட்டில் இன்னொரு பாதுகாப்பு, உயிலுக்கு இருக்கும் வரம்பு. சொத்தில் மூன்றில் ஒரு பங்குக்கு மேல் உயில் எழுத முடியாது. வாரிசுகளில் ஒருவருக்கு மட்டும் எழுதினால் மற்றவர்கள் சம்மதிக்க வேண்டும். இந்து, கிறிஸ்தவ அப்பாக்களுக்கு இந்தக் கடிவாளம் இல்லை. தன் பங்கு முழுவதையும் மகன் பெயருக்கு எழுதிவிட்டுக் கண்ணை மூடலாம். மறுபக்கம், அப்பாவுக்கு முன்பே இறந்த மகனின் பிள்ளைகளுக்கு, சித்தப்பா இருக்கும்போது தாத்தா சொத்தில் பங்கு கிடையாது. அந்த மூன்றில் ஒன்றைப் பேரப்பிள்ளைக்கு உயிலாக எழுதுவதுதான் தாத்தாவுக்கு இருக்கும் வழி.

பச்சைமலையில் இன்னொரு கணக்கு

வேப்பந்தட்டை தாலுகாவைத் தாண்டி பச்சைமலையில் ஏறினால், இந்த மூன்று கணக்கும் பின்தங்கிவிடும். அங்கே வாழும் மலையாளிப் பழங்குடிகள் சாமி கும்பிடுவதில் இந்துக்கள்தான். ஆனால், 1956 சட்டத்தின் இரண்டாவது பிரிவு, மத்திய அரசு தனியாக அறிவிக்காதவரை பட்டியல் பழங்குடிகளுக்கு அது பொருந்தாது என்கிறது. சமவெளிப் பெண்ணுக்கு 1989, 2005 என்று கதவுகள் திறந்தபோது, மலைமேல் பெண்ணுக்கு ஊர் வழக்கம்தான் சட்டம்.

பழங்குடி அல்லாத மகளுக்கு உள்ள உரிமை பழங்குடி மகளுக்கு ஏன் இல்லை, சட்டத்தைத் திருத்தப் பரிசீலியுங்கள் என்று 2022 டிசம்பரில் உச்ச நீதிமன்றம் மத்திய அரசைக் கேட்டுக்கொண்டது. 2025 ஜூலையில், சத்தீஸ்கர் பழங்குடிக் குடும்பத்தின் வழக்கில் இன்னும் ஒரு படி மேலே போனது. பெண்ணுக்குப் பங்கில்லை என்று வழக்கம் இருப்பதாக நிரூபிக்காதபோது அவளுக்கும் சமபங்கு என்றது.

தாய்மாமன் மடி

இதுவரை பார்த்தது புத்தகக் கணக்கு. 106, 120, 133, 180. சார்பதிவாளர் அலுவலகத் திண்ணையில் நடக்கிற கணக்கில், மூன்று மதத்து மகளுக்கும் பல வீடுகளில் ஒரே எண்தான். பூஜ்யம்.

காரியம் முடிந்த கையோடு வாரிசுச் சான்றிதழுக்கு எழுதிக் கொடுப்பார்கள். அதில் மகள்களின் பெயரும் வரும். அதற்கப்புறம் அண்ணன், 'ஒரு கையெழுத்து போட்டுட்டுப் போம்மா, பட்டா மாத்தணும்' என்பார். அந்தக் கையெழுத்துக்குப் பெயர் விடுதலைப் பத்திரம். பங்கை விட்டுக்கொடுத்தேன் என்று எழுதித் தருவது. பெண்ணுக்குப் பட்டுப்புடவை, கொஞ்சம் பணம், மதியச் சாப்பாடு. சிமென்ட் ஆலைக்குச் சுண்ணாம்புக்கல் எடுக்க நிலம் கேட்டு வரும் அரியலூர் பக்கத்தில், அந்தக் கையெழுத்தின் விலை என்ன என்பது பல வருடம் கழித்தே தெரியவரும்.

சட்டம் தெரியாமல்தான் பெண்கள் கையெழுத்துப் போடுகிறார்கள் என்று சொல்லிவிடுவது சுலபம். உண்மை அவ்வளவு எளிதாக இல்லை. பங்கு கேட்ட பெண்ணுக்குப் பொறந்த வீட்டு வாசல் அடைபடும். அவள் பிள்ளைக்குக் காது குத்த தாய்மாமன் மடி வேண்டும். மகள் பெரியவளானால் தாய்மாமன் சீர் வேண்டும். புருஷன் வீட்டில் அடி விழுந்தால் ஓடிவர ஒரு வீடு வேண்டும். 120 சென்ட் ஒரு பக்கம், இவை எல்லாம் மறுபக்கம். அவள் கணக்குத் தெரியாதவள் இல்லை; வேறொரு கணக்குப் போடுகிறாள். மாதா கோயிலுக்குப் போகிற வீட்டிலும் இதே சீர், இதே தயக்கம். பள்ளிவாசலுக்குப் போகிற வீட்டிலும் 'கல்யாணத்துக்குச் செஞ்சாச்சே' என்ற அதே வசனம்.

கல்யாணத்துக்குச் செய்தது பங்கில் கழியாது. நகை போட்டதும் விருந்து வைத்ததும் மகளின் சட்டப்படியான உரிமையை ரத்து செய்யாது. மகளுக்குக் கொடுப்பதையே வழக்கமாக வைத்திருக்கும் ஊர்களும் நம்மிடம் உண்டு. காயல்பட்டினம், கீழக்கரை போன்ற கடலோர ஊர்களில் முஸ்லிம் குடும்பங்கள் மகளுக்கு வீடு கொடுத்து, மாப்பிள்ளையை அங்கே அழைத்துக்கொள்கின்றன. அங்கே அண்ணன் தம்பி உறவு அறுந்துபோய்விடவில்லை.

கையெழுத்துக்கு முன்

விடுதலைப் பத்திரம் நீட்டப்பட்டால் முதலில் அது என்ன பத்திரம் என்று படியுங்கள். பட்டா மாற்றத்துக்கு என்று சொல்லி நீட்டும் தாள், பாகப்பிரிவினைப் பத்திரமா, விடுதலைப் பத்திரமா, தான செட்டில்மென்டா என்பது முதல் பக்கத்திலேயே இருக்கும். பதிவான விடுதலைப் பத்திரத்தை, ஏமாற்றி வாங்கினார்கள் என்று பின்னால் நிரூபித்து ரத்து செய்வது பெரும்பாடு. எந்தச் சர்வே எண், எத்தனை சென்ட் என்ற விவரத்தையும் பாருங்கள். ஒரு வீட்டை விட்டுக்கொடுக்கச் சம்மதித்தவர், அதே தாளில் தோட்டத்தையும் விட்டுக்கொடுத்த கதைகள் நிறைய.

பட்டாவில் அண்ணன் பெயர் மட்டும் இருப்பதால் உங்கள் பங்கு போய்விடாது. பட்டா வருவாய்த்துறை ஆவணம். அது மட்டுமே யாரையும் உரிமையாளர் ஆக்கிவிடாது. வாரிசுச் சான்றிதழும் யார் யார் வாரிசு என்று மட்டுமே சொல்லும், யாருக்கு எவ்வளவு என்று சொல்லாது. வில்லங்கச் சான்று போட்டுப் பார்த்தால், உங்களுக்குத் தெரியாமல் ஏதாவது பதிவாகியிருக்கிறதா என்பது தெரியும். இந்து வீட்டில் அப்பா இல்லாத சின்னப் பிள்ளைகளின் பங்கு இருந்தால், நீதிமன்ற அனுமதி இல்லாமல் அதை விற்க யாருக்கும் அதிகாரம் இல்லை, அம்மாவுக்கும்தான்.

விட்டுக்கொடுப்பது என்று முடிவு செய்தாலும், யாருக்கு என்று யோசிக்கலாம். பல வீடுகளில் மகள்கள் தங்கள் பங்கை அண்ணனுக்கு எழுதுகிறார்கள். அதே பங்கை அம்மா பெயருக்கு எழுதலாம். பரம்பரைச் சொத்தில் வெறும் 30 சென்ட்டோடு நிற்கிற அந்த அம்மாவுக்கு அது எவ்வளவு பெரிய பலம் என்பது, அவர் மகன் வீட்டுச் சாப்பாட்டை எதிர்பார்த்து உட்காரும் காலத்தில் தெரியும்.

பிரச்சினை என்று வந்துவிட்டால், வழக்குக்குச் செலவு செய்யப் பணம் இல்லையே என்று ஒதுங்க வேண்டாம். 1987-ம் வருடத்துச் சட்டப்பணிகள் ஆணையச் சட்டப்படி, பெண்களுக்கு வருமான வரம்பு பார்க்காமல் இலவச வழக்கறிஞர் உதவி உண்டு. மாவட்டச் சட்டப்பணிகள் ஆணைக்குழுவில் மனு கொடுத்தால், இரு தரப்பையும் அழைத்துச் சமரசம் பேசவும் வழி இருக்கிறது. இலவச உதவி எண்: 15100.